பர்மாவில் கம்பளிக் கோட்டு

உலகப் போர்களைப் பற்றி நான் ஐந்து புத்தகங்கள் எழுதியிருக்கிறேன். ஐந்தின் அட்டையிலும் அந்தச் சின்ன மீசைக்காரர்தான் முறைத்துக்கொண்டிருக்கிறார். ஜப்பானியக் கடற்படையைப் பற்றிய புத்தகத்திலும் அவர்தான். முதல் உலகப் போரைப் பற்றிய புத்தகத்திலும் அவர்தான். அந்தப் போரில் அவர் கடுதாசி சுமந்துகொண்டு ஓடிய சாதாரணச் சிப்பாய் என்று மதுரையில் இருக்கும் என் பதிப்பாளரிடம் எடுத்துச் சொன்னேன். "சார், மீசை இருந்தாத்தான் புஸ்தகம் நகருது" என்றார். பின்னட்டையில் ஒரு ஜெட் விமானம் பறந்தது. முதல் உலகப் போரில் ஜெட் ஏது என்று கேட்டேன். "பின்னட்டையை யாரு சார் பாக்குறா?" என்றார். நான் பார்க்கிறேன். அதுதான் என் வியாதி.

அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லின் டைம் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். ஏழு மணி ஷிப்டுக்கு ஏழு மூன்றுக்கு வந்தவரின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் குறிப்பது என் வேலை. ஓய்வு பெற்ற பிறகு மில் என்னை விட்டுவிட்டது, சிவப்பு மை விடவில்லை. பிறர் எழுதிய போர்ப் புத்தகங்களை அந்தப் பேனாவோடுதான் படிப்பேன். ஒரு புத்தகத்தில் ரஷ்யப் பனி ஜூலை மாதத்தில் பெய்கிறது. இன்னொன்றில் ஒரே தளபதி இரண்டு ஊர்களில் ஒரே நாளில் சரணடைகிறார். இதையெல்லாம் படித்துப் படித்து ரத்தம் கொதித்துத்தான் நானே எழுத ஆரம்பித்தேன். பிழையில்லாமல் ஒருவனாவது எழுதட்டுமே என்று ஒரு திமிர்.

வாசகர்கள் இன்னொரு தலைவலி. டீக்கடையில் என்னைக் கண்டுபிடித்துக்கொண்டு ஒருவர் வருவார். "சார், அவரு சாகலையாமே? நீர்மூழ்கிக் கப்பல்ல தப்பிச்சுப் போயிட்டாராமே?" என்பார். ஐந்நூறு பக்கம் எழுதியவனிடம் கேட்பதற்கு இது ஒன்றுதான் கிடைத்ததா? காரியாபட்டியில் ஒரு கல்யாணத்தில் நிலத் தரகர் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எதிரியைச் சுற்றி வளைத்து மடக்கும் அத்தியாயத்தைப் படித்துவிட்டுத்தான் மூன்று பிளாட்டு விற்றாராம். அந்த அத்தியாயத்தில் ஒரு நகரமே பட்டினி கிடந்து செத்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, பந்தியிலிருந்து பாதியில் எழுந்துவிட்டேன்.

வீட்டிலும் மரியாதை ஒன்றும் பெரிதாக இல்லை. "நம்ம தெருவுக்குத் தண்ணி வந்து பதினோரு நாளாச்சு. நீங்க பிரான்ஸ் கடற்கரையில தண்ணி இடுப்பளவா நெஞ்சளவான்னு உக்காந்து எழுதுறீங்க" என்பாள் மனைவி. நெஞ்சளவு. ஆனால் அதை அவளிடம் சொல்ல முடியுமா?

நான்காவது புத்தகம் பர்மாவில் நடந்த சண்டையைப் பற்றியது. அது வெளிவந்த இரண்டாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது.

"புஸ்தகம் எழுதுற சார்தானே? நான் திருச்சுழிக்குத் தெக்க இருந்து பேசுறேன்."

மீசைக்காரரைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நூத்தி நாப்பதாம் பக்கத்துல பாலத்தைக் குண்டு வச்சுத் தகத்துட்டீக."

"ஆமா ஐயா."

"நூத்தி அறுபத்தி ரெண்டுல அதே பாலத்து மேல லாரி வரிசையாப் போகுது. எப்படிப் போகும்?"

எழுந்து போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். லாரிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. "அது வேற பாலம் ஐயா" என்று சொல்லிப் பார்த்தேன். "பேரு ஒண்ணாத்தான் போட்டிருக்கீக" என்றார். அடுத்த பதிப்பில் திருத்துவதாக ஒப்புக்கொண்டு போனை வைத்தேன். அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆறு மணிக்குப் போன் வந்தது. அவருக்கு எண்பதைத் தாண்டிய வயது. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். உளுந்தும் கம்பும் போடுகிற மானாவாரிக் காடு. மழைக்குக் காத்திருக்கும் மாதங்களில் என் புத்தகத்தை வரி வரியாக உழுதுகொண்டிருந்தார். ஒரு மேஜர் எண்பதாம் பக்கத்தில் இடது கையில் குண்டு பட்டு, தொண்ணூறாம் பக்கத்தில் வலது கையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். நூற்றுப் பத்தில் செத்துப்போன கோவேறு கழுதை நூற்றுப் பதினைந்தில் மூட்டை சுமந்தது. அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பத்திரண்டு வருஷம் பிறர் பெயருக்கு எதிரே சிவப்பு மை போட்டவனுக்குத் தன் பெயருக்கு எதிரே ஒருவர் போடும்போது எப்படி இருக்கும்?

நடுவே ஒரு நாள், "எங்கப்பாவும் பர்மாவுக்குப் போனவரு, சார். நான் அம்மா வயித்துல இருக்கப் போனவரு, திரும்பல. சர்க்கார் கடுதாசி ஒண்ணு வந்துச்சாம், அதையும் செல்லு அரிச்சிருச்சு" என்றார். மழை பொய்த்துவிட்டது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். நானும் "அப்படியா ஐயா" என்றுவிட்டு மேஜரின் கைக்குப் போய்விட்டேன். எனக்கு அப்போது மேஜரின் கைதான் பெரிதாக இருந்தது.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, எழுபத்தொன்றாம் பக்கத்துப் போட்டோ பெரிதாக இருந்தால் அனுப்ப முடியுமா என்று கேட்டார். மலைப் பாதை ஓரத்தில் ஒரு கற்சுவரின் மேல் ஐந்து சிப்பாய்கள் உட்கார்ந்து தகரக் குவளையில் ஏதோ குடித்துக்கொண்டிருக்கும் படம் அது. அடியில், 'பர்மா முனையில் நம் தமிழ் வீரர்கள்' என்று போட்டிருந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. பிழை சொல்லாமல் விட்டாரே என்ற நிம்மதியில் அவருடைய மருமகள் போனுக்கு அனுப்பிவைத்தேன்.

மறு வாரம் அவர் குரல் கொஞ்சம் தயங்கியது. "சார், ஒரு சந்தேகம். அஞ்சு பேரும் கம்பளிக் கோட்டு போட்டிருக்காக. பர்மாவுல அம்புட்டுக் குளிரா?"

எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. உண்மையை இங்கே சொல்லிவிடுகிறேன். புத்தகம் அச்சுக்குப் போகும் நேரத்தில், ஒரு பக்கம் காலியாக இருக்கிறது, ஒரு படம் வேண்டும் என்று பதிப்பாளர் நச்சரித்தார். இணையத்தில் கிடைத்த ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தேன். அதன் அடியில் இத்தாலி, இந்தியச் சிப்பாய்கள் என்று தெளிவாக இருந்தது. அத்தியாயம் பர்மா என்பதால் நான் பர்மா என்று எழுதினேன். 'தமிழ்' என்பதைச் சேர்த்தது அழகுக்காக. யார் பார்க்கப்போகிறார்கள்? பின்னட்டையை யார் பார்க்கிறார்கள் என்று கேட்ட பதிப்பாளருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

"மலைப்பக்கம் குளிரும் ஐயா" என்றேன்.

"அதானே பாத்தேன்" என்றார். உடைந்த பாலத்தின் மேல் ஒரு லாரியைக்கூட விடாதவர் என் பதிலை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் தப்பித்தோம் என்று டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஆடி அமாவாசைக்கு வீட்டுக்கு வரவேண்டும் என்று அழைத்தார். அருப்புக்கோட்டையில் பஸ் ஏறித் திருச்சுழியில் இறங்கி, மினி பஸ்ஸில் இன்னும் கொஞ்ச தூரம் போனேன். ஆடிக் காற்று கரிசல் புழுதியை அள்ளி முகத்தில் அடித்தது. வாயெல்லாம் மண். இந்தக் காற்றில் ஒருவன் வாசகர் வீட்டுக்குப் போகவேண்டுமா என்று என்னையே திட்டிக்கொண்டு நடந்தேன். அவர் வாசலிலேயே நின்றிருந்தார். ஒல்லியான உயரமான ஆள். கண்ணாடியின் ஒரு காம்பை நூலால் கட்டியிருந்தார்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஆடி அமாவாசை அன்று, இறந்துபோன ஒவ்வொருவருக்கும் புதுத்துணி எடுத்து அவரவர் படத்துக்கு முன்னால் வைப்பார்கள். பெண்களுக்குச் சேலை, ஆண்களுக்கு வேட்டி. படையல் முடிந்த பிறகு அதை வீட்டில் இருப்பவர்கள் உடுத்திக்கொள்வார்கள். கூடத்துச் சுவரில் அவருடைய அம்மா, தாத்தா, மனைவி என்று வரிசையாகப் படங்கள் இருந்தன. அப்பாவுக்கு மட்டும் படமே கிடையாது. அதனால் பலகை மேல் ஒரு பித்தளைச் செம்பு வைத்து, அதில் தண்ணீர் ஊற்றி, அதன் முன்னால் வேட்டியை வைத்து வந்திருக்கிறார்கள்.

"எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து செம்பைத்தான் சார் அப்பான்னு கும்பிட்டேன்" என்றார். "இந்த வருசம் அந்தக் கொறை இல்ல. பாருங்க."

வரிசையின் நடுவே, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக, கண்ணாடிச் சட்டத்துக்குள் இத்தாலியில் உட்கார்ந்திருந்த மூன்றாவது சிப்பாய் இருந்தார். ஸ்டுடியோக்காரர் வண்ணம் பூசியிருந்தார். உதடு சிவப்பு, நெற்றியில் சந்தனப் பொட்டு. தலையில் இரும்புத் தொப்பி அப்படியே இருந்தது. "தொப்பியை எடுத்துரவான்னு கேட்டாக. அப்பா சண்டைக்குப் போனபடியே இருக்கட்டும்னு சொல்லிட்டேன்" என்றார்.

"இவருதான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க, ஐயா?" என்று மட்டும் கேட்டேன்.

"அம்மா ஒரே ஒரு அடையாளம் சொல்லியிருக்கு. எங்கப்பாவுக்கு இடது காது லேசா மடங்கியிருக்கும், பொறவியிலேயே. நல்லாப் பாருங்க, மடங்கியிருக்கா இல்லையா?"

மடங்கித்தான் இருந்தது. தொப்பியின் தோல்வார் அந்தக் காதை அழுத்திக்கொண்டு போவது எனக்குத் தெரிந்தது. பிழை பார்த்தே பழகிய கண். அவருடைய கண்ணுக்கும் அது தெரியாமல் போகாது. பாலத்தைப் பார்த்தவருக்கு வார் தெரியாதா? பார்க்க வேண்டாம் என்று இருந்திருக்கிறார்.

மருமகள் மாலையைக் கொண்டுவந்தார். அதை வாங்கி என்னிடம் நீட்டினார் பெரியவர். "நீங்க கொடுத்த படம், சார். நீங்களே போடுங்க."

போட்டேன். பிறகு இலையில் உட்கார்ந்து வடையும் பாயசமும் சாப்பிட்டேன். அந்தப் பாயசத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

கார்த்திகையில் இரண்டாம் பதிப்புக்கு நேரம் வந்தது. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். லாரிகளை வேறு பாலத்துக்குத் திருப்பினேன். மேஜரின் கையைச் சரிசெய்தேன். கோவேறு கழுதையைச் சாகவிட்டேன். எழுபத்தொன்றாம் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. திருத்தினால் அவர் பார்ப்பார். என் புத்தகத்தை அந்த மாதிரி படிக்கிறவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். திருத்தாவிட்டால் இந்தச் சிவப்பு மைக்கு என்ன அர்த்தம்?

பதிப்பாளருக்குப் போன் போட்டேன். "அதுல கையே வைக்காதீங்க சார். அந்தப் படத்தைக் காட்டித்தான் புஸ்தகமே விக்கிது" என்றார். அவரைத் திட்டிவிட்டு வைத்தேன். மனைவியிடம் முழுவதையும் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

"நீங்க எழுதினது, நீங்கதான் போய்ச் சொல்லணும். அவரு அச்சுல பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்னா இருக்கீங்க?"

மறுநாளே போனேன். நல்ல மழை பெய்திருந்தது. உளுந்து பச்சென்று நின்றது. பெரியவர் நல்ல மனநிலையில் இருந்தார். படத்துக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "பாலத்தைத் திருத்தியாச்சா, சார்?" என்றார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். படம் பர்மா இல்லை, இத்தாலி. அவர்கள் தமிழர்களா என்பதுகூட எனக்குத் தெரியாது. அடியில் இருக்கும் வரி நானாக எழுதியது. வேகமாகச் சொன்னேன், மெதுவாகச் சொன்னால் நிறுத்திவிடுவேன் என்று பயம்.

அவர் எழுந்தார். கண்ணாடியைத் துண்டில் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் போனார். காதை வெகுநேரம் பார்த்தார்.

"வாரு அழுத்துது" என்றார்.

"ஆமா ஐயா."

திரும்பி வந்து உட்கார்ந்தார். "கோட்டு பத்தி நான் கேட்டப்பவே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"மலைப்பக்கம் குளிரும்னீக."

"சொன்னேன் ஐயா."

"மாலையும் போட்டீக."

மருமகள் டீ கொண்டுவந்தார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"நாலு மாசமா இவரு மொகத்துலதான் சார் முழிக்கிறேன்" என்றார் பெரியவர். "நமக்கு எம்பது தாண்டியாச்சு, நம்ம அப்பன் இம்புட்டுச் சின்னப் பையனா இருக்காரேன்னு சிரிச்சுக்குவேன். அவருகிட்டப் பேசவும் செஞ்சேன். உளுந்து வெதச்சதைச் சொன்னேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைப்பதற்காக, படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடட்டுமா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தொடாதீக!" என்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு, "அப்ப இவரு யாரு?" என்றார்.

"தெரியாது ஐயா."

"எந்த ஊரு?"

"தெரியாது."

"உசுரோட வீடு திரும்பினாரா?"

"தெரியலையே ஐயா."

"என்ன சார் இது! இம்புட்டுப் பக்கம் எழுதியிருக்கீக. தளபதி காலையில என்ன தின்னாருன்னு எழுதியிருக்கீக. இவரு யாருன்னு கேட்டா தெரியாதுங்கிறீக." தலையில் அடித்துக்கொண்டார். நான் பதிப்பாளரிடமும் டீக்கடை வாசகர்களிடமும் அத்தனை வருஷம் காட்டிய அதே சலிப்பு. அது என் பக்கம் திரும்பியபோது நியாயமாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். "அடியில இருக்க வரியை மாத்திப் போடுங்க. புஸ்தகம் சரியா இருக்கணும். இவுக வீட்டுலயும் போட்டோ இல்லாம செம்பை வச்சுக் கும்பிட்டுக்கிட்டு இருந்தா? கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அதுவரைக்கும் இங்கனயே இருக்கட்டும்."

பதிப்பாளர் குதித்தார். நான் கேட்கவில்லை. 'இத்தாலி. ஐந்து இந்தியச் சிப்பாய்கள். பெயர்கள் தெரியவில்லை' என்று மாற்றினேன். மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. ஆறு மணிக்கு விழிப்பு வந்து, போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். புதுப் பதிப்பை அனுப்பிய பிறகு ஒரு நாள் அடித்தது. "பாலம் சரியாயிருச்சு. மேஜர் கையும் சரியாயிருச்சு" என்றார். பிறகு, "யாருன்னு தெரிஞ்சுதா?" என்றார். இல்லை என்றேன். "சரி, வாரேன்" என்று வைத்துவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் அந்த ஒரே கேள்விதான். நான் எங்கெங்கோ கடிதம் எழுதுகிறேன், இணையத்தில் கண் எரியத் தேடுகிறேன். எத்தனையோ தளபதிகளின் படம் கிடைக்கிறது. காது மடங்கிய ஒரு சிப்பாயின் பெயர் கிடைக்கவில்லை. அந்தப் போர்ப் புத்தகங்களையெல்லாம் தூக்கி எறிந்துவிடலாமா என்று வருகிறது.

அடுத்த ஆடி அமாவாசைக்கு அவர் அழைக்கவில்லை. நானே ஒரு வேட்டி வாங்கிக்கொண்டு போனேன். சிப்பாயின் படம் வரிசையின் கடைசிக்கு நகர்ந்திருந்தது. சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது. நடுவில் பலகை போட்டு, அதன் மேல் பித்தளைச் செம்பு மறுபடியும் வந்திருந்தது, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று. அதன் முன்னால் அவர் எடுத்த வேட்டி இருந்தது. என் கையிலிருந்ததை வாங்கி விரித்து, கரையைத் தடவிப் பார்த்தார். "எட்டு முழந்தானே? ஆளு ஒசரம்" என்று கேட்டுவிட்டு, சிப்பாயின் படத்துக்கு முன்னால் வைத்தார்.

மருமகள் மாலைகளைக் கொண்டுவந்தார். ஒன்றைப் பெரியவரே சிப்பாய்க்குப் போட்டார். இன்னொன்றை என்னிடம் நீட்டினார்.

"இதைச் செம்புக்குப் போடுங்க, சார்" என்றார்.

போட்டேன்.